எட்டுக்கு ஒன்றாகச் சுண்டிய மருந்து

இரண்டு கைகளும் அடுப்பை விட்டு அகலவில்லை. ஒன்று கிண்டியது, மற்றது குச்சியைப் பாத்திரத்துக்குள் நட்டு, நீர் எவ்வளவு சுண்டியிருக்கிறது என்று அளந்தது. எட்டு டம்ளர் ஒரு டம்ளராக வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் அது கஷாயம் இல்லை, கழுநீர் என்பது அம்மையப்பனின் கட்சி.

சவூதியின் ஜுபைல் கேம்பில் பகலெல்லாம் அவர் குழாய்களுக்கு இன்சுலேஷன் சுற்றுவார். டியூட்டி முடிந்தால் வைத்தியர். பட்டம் அவரே கொடுத்துக்கொண்டது. மூன்று பழைய மருத்துவப் புத்தகங்களை அட்டை கிழியும்வரை படித்திருந்தார். பதினான்கு வருஷமாகச் சளியையும் வாயுவையும் தோற்கடித்த தெம்பு வேறு.

இரண்டாயிரத்து ஐந்தில் அவரிடம் சிக்கியவன் ரூம்மேட் பர்னபாஸ். லீவுக்கு ராமேஸ்வரம் போய்த் திரும்பியவனை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் தூக்கிப்போட்டது. மலேரியா என்று அம்மையப்பன் சரியாகவே சொன்னார். சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

பக்கத்து ரூம் சீன வெல்டர் லியூ, தன் ஊரில் இந்த முறைக்காய்ச்சலுக்குக் கொடுப்பது என்று ஒரு பொட்டலம் காய்ந்த தழை தந்திருந்தான். "தண்டா பானி. பாயில் மாஃபி," என்று, பச்சைத் தண்ணீர்தான், கொதிக்கவே கூடாது என்பதைக் கேம்ப் பாஷையில் சொல்லி, பிழிவதுபோல் கையைத் திருகியும் காட்டினான். கொதிக்காமல் ஒரு மருந்தா? பாவம், கஷாயம் தெரியாத ஜனம் என்று அம்மையப்பன் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டார்.

இரண்டு தடவை கஷாயம் குடித்தும் மூன்றாம் முறையும் குளிர் வந்தது. "ஒங்க மருந்து இருக்கையில ஆஸ்பத்திரி எதுக்குண்ணே?" என்று பல் கிட்டக் கேட்டான் பர்னபாஸ். அவருக்கு உள்ளூர இனித்தது.

அப்போதுதான் லியூ எட்டிப் பார்த்தான். பாத்திரத்தை மோந்தான். "பாயில்? தவா கலாஸ்!" என்று தலையில் அடித்துக்கொண்டான். கொதித்தால் தழையின் சத்து போய்விடுமாம். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டுமாம். அதுவும் குளிர் தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டுமாம். குளிர் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டான்.

இன்சுலேஷனை மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பவர், காய்ச்சலுக்கு மணி பார்க்கவில்லை. மிச்சத் தழையைப் பிழிந்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. லியூ பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

"தும் டாக்டர் மாஃபி, ஹம் டாக்டர் மாஃபி. ஹாஸ்பிடல், யல்லா!"

பர்னபாஸ் அசையவில்லை. "அண்ணன் சொல்லட்டும்."

"எந்திரிடா. நான் கெடுத்துட்டேன். ஒனக்குக் குடுத்தது மருந்தில்ல, தழை வெந்த தண்ணி."

"கசப்பு மட்டும் அசல் மருந்து மாதிரியே இருந்துச்சுண்ணே."

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அவனைக் குடைந்து குடைந்து கேட்டு அம்மையப்பன் எழுதினார்: எந்த நாள், குளிர் எப்போது, சூடு எப்போது, வேர்வை எப்போது. கடைசி வரி: 'சீனத் தழைக் கஷாயம், எட்டுக்கு ஒன்று. கொடுத்தவர், வைத்தியர்.' 'வைத்தியர்' என்பதை அடித்துவிட்டு 'இன்சுலேஷன் ஆள்' என்று திருத்தினார்.

ரத்தம் எடுக்க வந்த நாகர்கோவில் நர்ஸ் ரெபேக்காள், "காய்ச்சல் எப்பம் எப்பம் வந்துன்னு தெரியுமா?" என்றாள்.

அவர் எழுந்து நின்று, காகிதத்தை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.