எட்வேட்டின் பெருவிரல்

மேசை நடுவில் நூற்றெண்பது பவுண். தொடர்ந்து ஆட அறுபது வைக்கவேண்டும். கையில் ஒரே இனச் சீட்டு, ஹார்ட், நான்கு சேர்ந்துவிட்டது. ஐந்தாவது வந்தால் வெற்றி. திறக்க இன்னும் ஒரேயொரு சீட்டு. எட்வேட்டின் பெருவிரல் மேசைக்குக் கீழே மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுப்போகிறது. பதின்மூன்றில் மிச்சமிருக்கும் ஹார்ட் ஒன்பது, கணுவுக்கு ஒன்று. சுண்டுவிரலில் தொடங்கி நடுவிரலில் முடியும்.

“ஐஞ்சில ஒருக்காத்தான் வரும். தாறது ஒண்டுக்கு மூண்டு. கட்டாது.” சீட்டைக் கவிழ்த்து எறிந்துவிட்டு ஆறிப்போன தேநீரைக் குடிக்கிறார்.

பாரிஸிலிருந்து வந்து கிழக்கு லண்டனில் குழாய் பொருத்தும் மன்னார்க்காரர். சனி மத்தியானங்களில் கசினோவுக்கு வருவார். அவரைக் கண்டாலே எதிரில் இருப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். “விலை கூடினா மாதாவே சீட்டுப் போட்டாலும் வைக்க மாட்டன்” என்பார். அந்த மாதாவின் கோயிலுக்குப் போகும்போது தன் வான் வண்டியை, நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில்தான் விடுவார். “ஃபைன் வாறது இருபதில ஒருக்கா. பார்க்கிங் காசைவிட மலிவு.”

போன செவ்வாய் ஆஸ்பத்திரியில், மனைவி பெர்னடெற்றின் புற்றுநோய் திரும்பிவிட்டதென்று டொக்டர் சொன்னார். புதிய மருந்தொன்று இருக்கிறது. ஆறு மாதம் உடம்பை உருக்கும். பலன் கிடைப்பது ஐந்து பேரில் ஒருவருக்கு. திங்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

“நீங்கள்தானே கணக்கில புலி. சொல்லுங்கோவன், செய்யிறதோ விடுறதோ?” என்று வெளியே வந்ததும் பெர்னடெற் கேட்டாள். அவர் பெருவிரல் கணுக்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

“விரலில செபமாலை சொல்லுறியளோ? அப்ப பத்து மந்திரத்தையும் முடியுங்கோ, நிக்கிறன்.”

“ஓம்” என்றார். செபமாவது மண்ணாவது, ஆறு மாத வேதனையை ஐந்தால் பெருக்கிக்கொண்டிருந்தார் மனுசன். அவள் கைப்பையை அணைத்தபடி அவர் செபித்து முடிக்கக் காத்து நின்றாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெள்ளி இரவுவரை அவர் பதில் சொல்லவில்லை.

சனிக்கிழமை வீட்டில் இருக்க முடியாமல் வழக்கமான மேசைக்கு வந்தார். நாலாவது ஆட்டத்தில், முன்னொரு சனி எறிந்த அதே கணக்கு மறுபடியும் வந்தது. நான்கு ஹார்ட். நடுவில் நூற்றெண்பது, வைக்க அறுபது. கட்டாது என்று எண்ணாமலே தெரியும். ஆனாலும் எண்ணினார். சீட்டுப் போடும் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர், இவர் எறியப்போகிறார் என்ற நம்பிக்கையில் போனை எடுத்தார்.

பெருவிரல் நடுவிரலின் நுனிக்கணுவில், ஒன்பதில், வந்து நின்றது. வழமையாக அங்கேதான் கை விரியும். இன்று விரியவில்லை. உதடுகள் மெல்ல அசைந்தன. பெருவிரல் சுட்டுவிரலின் அடிக்கணுவுக்குத் தாண்டிப் பத்தை முடித்தது. எட்வேட் மற்றக் கையால் அறுபது பவுண் சில்லுகளையும் மேசை நடுவே தள்ளினார்.