இருபத்தொரு சிவப்புக் கண்ணாடித் துண்டுகளோடு திருகோணமலைக்கு

திருகோணமலைக்குப் போக இருக்கிறவர்கள் கோயிலைப் பற்றியும் வெந்நீர்க் கிணறுகளைப் பற்றியும் கேட்டு எழுதுகிறீர்கள். மன்னிக்க வேண்டும், நான் சொல்லப்போகும் பயணத்தில் அவற்றில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஆவணி மாதம், வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாள் அங்கே நின்றேன். அதில் முக்கால்வாசி நேரம், முன்பின் தெரியாத ஒரு பெண் என் கண்ணாடித் துண்டுகளைக் களவெடுத்துவிடுவாளோ என்ற யோசனையிலேயே போயிற்று.

காரணத்தைச் சொல்கிறேன். அப்போது வவுனியாவில் ஒரு கந்தோரில் எனக்கு வரைபடம் கீறுகிற வேலை. என் மனைவி சரோஜினிக்குத் தகப்பன் வீட்டிலிருந்து வந்த ஒரே சாமான், சிவப்புக் கண்ணாடிக் கூடு போட்ட ஒரு தொங்குவிளக்கு. மாமா இறந்தபின் அதை எங்கள் முன்னறையில் மாட்டினோம். மாட்டிய ஆசாரியில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொளுக்கி தாங்குமா என்று பார்க்க, கதிரையில் ஏறி நின்று விளக்கைப் பிடித்து இழுத்தேன். அது கையோடு வந்தது, பிறகு கையையும் விட்டுவிட்டு நிலத்துக்குப் போனது.

சரோ ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றும் சொல்லாமல் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு மூடினாள். அன்றிலிருந்து இருட்டினால் முன்னறையில் அவள் இருப்பதில்லை. குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருப்பாள். இரண்டு மாதம் அப்படி இருந்து பாருங்கள், தெரியும்.

கந்தோரில் கூட வேலை செய்த செல்லத்துரையின் வீட்டு யன்னலில் நீலக் கண்ணாடி மீன் ஒன்று தொங்கும். மருந்துப் போத்தலை உடைத்து, சூளையில் வைத்து உருக்கி ஒட்டிச் செய்ததாம். செய்தவர் திருகோணமலை லிங்கநகரில் இருக்கும் றீட்டா, ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிறவர். பொழுதுபோக்காகச் செய்கிறாராம், காசு வாங்குவதில்லையாம். காசு வாங்காதவர் என்றதும் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. ஆனாலும் கடிதம் போட்டேன். "கொண்டு வாங்கோ, பாப்பம்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. "திரும்பவும் விளக்காக வராது, ஆனால் உன் அப்பாவின் கண்ணாடி வீட்டை விட்டுப் போகாது" என்று சரோவிடம் சொன்னேன். "கண்ணாடியை மாத்திப்போட்டுத் தந்தால் எனக்குத் தெரியும்" என்றாள் அவள். அந்த ஒரு சொல் போதும், எனக்குத் தலைக்குள் ஒரு பொலிஸ் நிலையம் திறந்துவிட்டது. துண்டுகளை எண்ணினேன், இருபத்தொன்று. ஒன்றின் முதுகில் அரத்தால் ‘ச’ என்று கீறி அடையாளம் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.15க்கு வவுனியாவில் பஸ். ஹொறவப்பொத்தானை வழியாக ஏறத்தாழ அறுபது மைல், கட்டணம் நான்கு ரூபா அறுபது சதம். ரின்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"அண்ணன், அந்த ரின்னை மேல வையுங்கோ, பக்கத்தில ஆள் இருக்க ஏலாமக் கிடக்கு" என்றார் கொண்டக்டர்.

"இல்லை, இருக்கட்டும்."

"உள்ளுக்க என்ன?"

"பிஸ்கட்."

அந்த நேரம் பார்த்து பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்தது. ரின் கலகலவென்று சத்தம் போட்டது. கொண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்லாக் காய்ஞ்ச பிஸ்கட் போல" என்றுவிட்டு முன்னால் போனார். பத்து மணி கழிந்து ஐந்து நிமிடத்துக்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே ஓர் அறை எடுத்தேன். நாளுக்குப் பத்து ரூபா, கொசுவலை உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் ஒன்றுதான். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தபோதும் ரின்னைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

பின்னேரம் லிங்கநகருக்கு நடந்தேன். மேட்டில் ஏறினால் வீடுகளுக்கு இடையில் உள்துறைமுகம் தெரியும். எண்ணெய்க் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. றீட்டாவுக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்குக் கிட்ட. கட்டையான ஆள், கையில் இரண்டு மூன்று பழைய சூட்டுத் தழும்புகள். கணவர் துறைமுகப் பட்டறையில் மின்சார வேலை, அந்தக் கிழமை கடலில். சூளையைச் செய்து கொடுத்தவர் அவர்தான். பின்பக்கக் கொட்டிலில் இடுப்பளவு உயரத்தில் வெள்ளைக் கல் பெட்டி, உள்சுவரில் சுருள் சுருளாகக் கம்பி, முன்னால் விரல் போகும் அளவில் ஓர் ஓட்டை, மேலே இரண்டு கைபிடி போட்ட கனத்த மூடி.

"இந்தக் கல் எங்கால?" என்று கேட்டேன்.

"பழைய கப்பல் அடுப்புக் கல்லு. ஏலத்தில எடுத்தது, அண்ணன்" என்றார். நான் கேட்ட விதம் அப்படி இருந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே சொன்னார்.

யன்னல் நெடுகப் பச்சை, நீலம், மண்ணிறம் என்று இலைகளும் மீன்களும் சின்னத் தட்டுகளும் தொங்கின. எல்லாம் ஒற்றை நிறம். இரண்டு நிறத்தைச் சேர்த்து ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"வேற வேற போத்தில் சூட்டில ஒட்டும், ஆறேக்க வெடிக்கும். ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவில சுருங்கும். உங்கட எல்லாம் ஒரே விளக்கெண்டபடியா வரும். ஆனா நிறம் கொஞ்சம் கறுக்கும், சொல்லிப்போட்டன்."

நிறம் கறுக்குமாம்! மாற்றி வைத்துவிட்டுச் சொல்வதற்கு இப்போதே ஒரு சாட்டு. நான் தலையாட்டினேன், நம்பவில்லை. துண்டுகளைக் கழுவிக் காயவைக்க வேண்டும், ரின்னை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்தேன். பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருகிறவன்போல இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனால் சூளை ஏற்கெனவே மூடி, சூடேறத் தொடங்கியிருந்தது. "நான் வர முதலே வைச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். "காலமைதான் கரண்ட் ஒழுங்கா வரும். பிறகு எல்லாரும் வேலை தொடங்க, கம்பி சிவக்காது" என்றார். இதுவும் பொருத்தமான பதில்தான். பொருத்தமான பதில் சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

ஓட்டைக்குள் பார்த்தேன். முதலில் இருட்டு, ஒன்பது மணிக்கு மங்கிய சிவப்பு, பத்தரைக்குப் பூசணிப்பழ நிறம். ஓட்டைக்கு நேரே இரண்டு கல்லின் மேல் மெல்லிய கண்ணாடிக் கீற்று ஒன்றைப் பாலம்போல வைத்திருந்தார். அதுதான் அவருடைய வெப்பமானி. கீற்று நடுவில் தொய்ந்து விழுந்ததும் மணிக்கூட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகும் இருபது நிமிடம் விட்டு, சரியாகப் பதினொன்றரைக்குச் சுவிச்சை நிற்பாட்டி, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தார்.

"இனி நாளைக்குக் காலமைதான். இடையில திறந்தா எல்லாம் போச்சு. எனக்கு மாதா கோயில்ல பாட்டுப் பழக்கம் இருக்கு. நீங்கள் கிண்ணியாவுக்குப் போட்டு வாங்கோ, அங்க நல்ல எருமைத் தயிர்."

என்னை ஊரை விட்டே அனுப்பப் பார்க்கிறார்! இருந்தாலும் மறுக்க ஒரு காரணமும் இல்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் பன்னிரண்டு மைல், தொண்ணூறு சதம், பன்னிரண்டு ஐம்பதுக்குத் துறை. வாகனமும் ஆட்களும் ஏற்றிப் போகிற மிதவையை அங்கே பாதை என்பார்கள். பாதையில் ஒரு லொறியும் நான்கு சைக்கிளும் நானும். நடு நீரில் நிற்கும்போது எனக்கு எல்லாம் வெளிச்சமாயிற்று. நான் இல்லாத நேரத்தில் மூடினார். நிறம் மாறும் என்று முன்கூட்டியே சொன்னார். இப்போது நான் தண்ணீருக்கு இந்தப் பக்கம், என் கண்ணாடி அந்தப் பக்கம். கிண்ணியாக் கரை வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை.

"என்ன தொர, இறங்கலியா?" என்று பாதைக்காரர் கேட்டார். "ஏதும் மறந்து வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

"ஓம்" என்றேன்.

"அப்ப இரிங்க. இந்தக் கரையத் தொட்டும் பாக்காமப் போற ஆள இன்னைக்குத்தான் பாக்கிறன்."

ஆகவே கிண்ணியாத் தயிரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

மூன்றே காலுக்கு மறுபடி லிங்கநகர். கேற்றைச் சும்மா சாத்தியிருந்தார்கள், வீட்டில் ஒருவரும் இல்லை. கொட்டிலில் மூடிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனேன், இன்னும் நல்ல சூடு. ஒரு நொடி பார்த்துவிட்டு மூடினால் என்ன வந்துவிடும்? பக்கத்தில் கிடந்த சாக்கை மடித்துக் கைபிடியைப் பிடித்து மூடியைத் தூக்கினேன்.

வெக்கை முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். உள்ளே கருஞ்சிவப்பில் என் உள்ளங்கையளவு ஒரு வட்டம், அவ்வளவுதான். இருபத்தொரு துண்டும் சேர்ந்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டளவாவது வந்திருக்க வேண்டும். பிடித்துவிட்டேன்! உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். மூடியைக் கையில் பிடித்தபடியே துண்டுகளின் விளிம்பை எண்ணத் தொடங்கினேன். ஏழு, எட்டு...

‘டிக்’ என்றது.

வட்டத்தின் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு. இன்னொரு ‘டிக்’. நான் மூடியைப் போட்டேன், போட்ட பிறகும் உள்ளே சத்தம் கேட்டது. அங்கே கிடந்த பலகையில் இருந்துவிட்டேன். சரோ குசினியில் தனியே இருப்பதுதான் கண்ணுக்குள் வந்தது. ஒரே சாமானை ஒரே மனுஷன் இரண்டாம் தரமும் உடைத்தாயிற்று.

நான்கு மணிக்கு றீட்டா பாட்டுப் புத்தகத்தோடு வந்தார். சூளையைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"மிச்சக் கண்ணாடி எங்க, தங்கச்சி?"

அவர் உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"பத்துத்தான் வைச்சனான். பதினொண்டு இதில இருக்கு. முதல் தரம் தங்கட சாமானைக் கொண்டு வாறவை எல்லாரும் திறந்து பாக்கிறவை, அண்ணன். போன வருசம் கன்னியாஸ்திரி ஒருத்தர்கூடத் திறந்தவ. அதால ஆருடையதையும் முழுக்க நான் வைக்கிறேல்லை."

"அதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களோ?"

அவர் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "எண்ணிப் பாருங்கோ."

சூளை முழுக்க ஆற ஞாயிறு ஆகும். அடுத்த சூடு அவருக்கு வேலை இல்லாத நாளில்தான், அது வரும் சனி. எனக்கோ திங்கள் காலை கந்தோர். ஒன்று, பதினொரு துண்டையும் கொண்டுபோய்ச் சரோவின் ரின்னில் திரும்பப் போட வேண்டும். இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். எனக்குப் பொட்டலத்தைப் பிரிக்கக் கை துடித்தது. ‘ச’ கீறிய துண்டு எதில் போனது என்று பார்த்தால் மட்டும் போதும் என்றுகூட நினைத்தேன். பிறகு அதை அப்படியே அவர் பக்கம் திருப்பித் தள்ளினேன். "நீங்களே செய்து அனுப்புங்கோ" என்றேன். வெட்கத்தில் அன்றைக்குத் தந்த தேத்தண்ணியைக்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. மறுநாள் காலை வெடித்த வட்டத்தின் இரண்டு பாதியையும் எடுத்துத் தந்தார். அவற்றை ரின்னில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

சரோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப மிச்சத்தையும் விட்டிட்டு வந்திட்டீங்கள்" என்றாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் வீட்டில் தபால்காரரின் சைக்கிள் மணிக்குத்தான் காது.

நான்காம் வாரம் உமி நிரப்பிய பெட்டி ஒன்று வந்தது. உள்ளே கருஞ்சிவப்பில் ஓர் அரசிலை. இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவில் செப்புக் கம்பியை வளைத்து வைத்து உருக்கி, மாட்டுவதற்கு வளையமும் விட்டிருந்தார். கடிதம் இல்லை. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ‘ச’ எங்கேயும் இல்லை. அந்தச் சூட்டில் அரக் கீறலெல்லாம் உருகி வழவழப்பாகிவிடும் என்ற சின்ன விஷயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெடித்த பாதிகளிலும் இல்லை. ஆக, நிறம் மாறிவிட்டது, அடையாளம் போய்விட்டது, நிரூபிக்க ஒன்றும் இல்லை.

சரோ அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இது அப்பாவின்ர கண்ணாடிதானோ?"

"ஓம்" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

என் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்து அவள் கேட்டதில்லை.

போக இருக்கிறவர்களுக்கு: இப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இருக்கிறது, நடு நீரில் நின்று யோசிக்க அவகாசம் கிடைக்காது. நான் எழுதிய கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, அதை வைத்துக் கொண்டக்டரோடு சண்டை பிடிக்க வேண்டாம். உடைந்த கண்ணாடி கொண்டுபோனால் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள், பிஸ்கட் என்று சொல்லத் தேவை வராது. வீட்டில் கண்ணாடி உருக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒரே போத்தலில் தொடங்குங்கள். சூளையை நிற்பாட்டிய பிறகு வீட்டில் நிற்காதீர்கள், எங்கேயாவது போய்ப் போன இடத்தில் இறங்குங்கள்.

இலையைச் சரோதான் முன்னறை யன்னலில் ஆணி அடித்து மாட்டினாள். மாட்டிவிட்டு, சுவரிலிருந்த சின்ன விளக்கைப் போட்டு, கதிரையை இழுத்து அங்கேயே இருந்தாள். ஆணி கொஞ்சம் சரிந்துதான் இருந்தது. எனக்கு வலது கை எழும்பியது, அதை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் ஆணி அவள் அடித்ததுதான், நான் இன்றுவரை இழுத்துப் பார்க்கவில்லை.