சட்டைப் பையில் இருந்த பூசுமருந்து

சுனாமி அடித்து இரண்டாம் வாரம். நாவற்குடாவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அகதிகளாக இருந்தோம். அங்கேதான் அந்த மனிதரைக் கண்டேன். பெரியகல்லாற்றுக்காரர் என்றார்கள். ஒல்லியான ஆள், காலில் செருப்பில்லை, கசங்கிய நீலச் சட்டை. பிள்ளைகள் ஒவ்வொருவர் முன்னாலும் குந்தி, நாடியை ஒரு விரலால் உயர்த்தி முகத்தைப் பார்ப்பார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு எழும்பிப் போவார்.

என் மகளின் முன்னால் மட்டும் அவர் எழும்பவில்லை. அவளுடைய இடது கன்னத்தில் கடுகு போலச் சின்னப் பருக்கள், மாதக்கணக்காக மாறாமல் கிடந்தன. அவற்றை மெல்லத் தடவினார்.

"என்ட மகளுக்கும் இந்தக் கன்னத்திலதான்," என்றார்.

யாரோ யாருடைய பிள்ளையையோ தன் பிள்ளை என்று தூக்கிப் போனதாக முகாமெல்லாம் பேச்சு. பிறப்புப் பத்திரம் கடலோடு போய்விட்டது. அவள் என் பிள்ளை என்று எதைக் காட்டுவேன்? அவளை இழுத்து மடியில் இறுக்கினேன்.

"இது என்ட பிள்ளை, அண்ணன்."

"ஓம் தங்கச்சி, தெரியும். என்ட மகள் இதவிடச் சின்னவள்." பையிலிருந்து பூசுமருந்து ஒன்றை எடுத்தார். "கடல் வந்த அண்டைக்கு இத வாங்கத்தான் டவுனுக்குப் போனன். திரும்பி வரக்குள்ள அவளக் காணல்ல."

மூடியைத் திறந்து, ஒரு பொட்டளவு என் விரலில் பிதுக்கினார். உடனே மூடியை இறுக்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"மிச்சம் அவளுக்கு வேணும்."

அடுத்த வகுப்பறைக்குப் போய்விட்டார். நான் விரலை நீட்டியபடியே இருந்தேன். காணாமல் போன பிள்ளைக்கு வாங்கிய அந்த மருந்தை என் மகளின் கன்னத்தில் பூச எனக்குப் பயமாக இருந்தது.