கடையில் அண்ணன் இல்லாத வெள்ளிக்கிழமைகள்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். அண்ணனுக்கு அழுமூஞ்சிகளைக் கண்டால் ஆகாது. யாராவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கடைக்கு வந்தால், முதலில் ஒரு மிட்டாயைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்பார்.

அண்ணன் பிறந்தது சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில். அப்பா துறைமுகத் தொழிலாளி. அண்ணன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமானார். அம்மாவையும் தங்கையாகிய என்னையும் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. படிப்பை விட்டார், ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார், பிறகு ஆங் மோ கியோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சொந்தமாக மாமாக் கடை, அதாவது சின்னப் பலசரக்குக் கடை, போட்டார். ரொட்டி, நாளிதழ், குளிர்பானம், வெங்காயம் என்று அந்தப் பொந்துக்குள் இல்லாத பொருள் இல்லை. என்னைப் படிக்கவைத்து வங்கி வேலைக்கு அனுப்பியது அந்தக் கடைதான்.

ஆனால் கடை அண்ணனை விடவில்லை. விடியுமுன் திறப்பார், ஊர் அடங்கிய பின் மூடுவார். திருமணத்துக்கு மறுநாளே, மாலை வாடுவதற்குள் கடையில் போய் நின்றவர் அவர். என் வளைகாப்புக்கு வந்தவர், பந்தியில் இலை போடுமுன் கிளம்பிவிட்டார். அண்ணி பொறுமைசாலி, வாய் திறக்க மாட்டார். மகள் யாழினி அப்படியில்லை. தொடக்கப்பள்ளியில் தமிழ் நாடகத்தில் அவளுக்கு வேடம் கிடைத்தபோது நேராகவே கேட்டுவிட்டாள்.

“எல்லாருக்கும் அப்பா வர்றாங்க. எனக்கு மட்டும் எப்பவும் அம்மாவும் அத்தையும்தான். இந்தத் தடவையும் நீங்க வரலேன்னா, நான் இனிமே ஸ்டேஜ் ஏறவே மாட்டேன்.”

அண்ணன் வாக்குக் கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை. கடையைப் பார்த்துக்கொள்ள ஜொகூரிலிருந்து வரவேண்டிய அண்ணியின் தம்பி, உட்லண்ட்ஸ் எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். அண்ணி மகளோடு முன்னாலேயே போய்விட்டார். அண்ணனை அழைத்துப்போக டாக்சியில் வந்த நான், “ஷட்டரை இறக்கிட்டு வாங்கண்ணே, டைம் ஆச்சு” என்று அவசரப்படுத்தினேன்.

“சாயங்காலம் மூடுனா மேல இருக்கிற வயசானவங்க ரொட்டிக்கு எங்க போவாங்க? எடுத்துக்கிட்டு, காசைப் போட்டுட்டுப் போகட்டும் லா.”

“யாருண்ணே பார்த்துக்குவாங்க?”

“அவங்களே பார்த்துக்குவாங்க.”

நான் இருப்பதோ வங்கியில். யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணன் பிஸ்கட் டின் ஒன்றைக் காலி செய்து மேசைமேல் வைத்தார். ஓர் அட்டையில் விறுவிறுவென்று எதையோ எழுதி அதன்மேல் சாய்த்துவிட்டு டாக்சியில் ஏறிவிட்டார்.

நாடகத்தில் யாழினிக்கு என்ன வேடம் தெரியுமா? யானையின் பின்னங்கால்கள். தலையும் முன்னங்கால்களும் வேறொரு பிள்ளை. சாம்பல் நிறத் துணிக்குள் எங்கள் பிள்ளையின் முகம் கடைசிவரை வெளியே தெரியவில்லை. அண்ணனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, “பின்னாடி ரெண்டு காலும் என் மகதான்” என்று பெருமையாகச் சொன்னார். யானை ஒருமுறை வாலை ஆட்டியதற்கு எழுந்து நின்று கைதட்டினார். கடையை அவர் மறந்தே போனார். அவர் படவேண்டிய கவலையையும் சேர்த்து நான் பட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் திரும்பி வந்தபோது கடைமுன் ஒரே கூட்டம். திருட்டுத்தான் போய்விட்டது என்று நான் முந்திக்கொண்டு ஓடினேன். கிட்டப் போனதும்தான் விஷயம் தெரிந்தது. அண்ணன் அவசரத்தில் அட்டையைத் தமிழில் மட்டும் எழுதி வைத்திருக்கிறார். வந்தவர்களில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. கடைக்காரர் கழிவறைக்குப் போயிருப்பார் என்று முதல் ஆள் நின்றாராம். அவர் பின்னால் அடுத்தவர். வரிசையைக் கண்டால் நம் ஊர்க்காரர்கள் விடுவார்களா? வந்தவர்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் மாடிச் சீன ஆன்ட்டிக்குத்தான் முதலில் பொறுமை போயிருக்கிறது. ரொட்டியை எடுத்து, எல்லாரும் பார்க்கக் காசை டின்னில் போட்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஆனால் பலர் வீட்டுக்குப் போகவில்லை. அண்ணனுக்கு என்ன ஆயிற்றோ என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

எங்கே போய்த் தொலைந்தாய், ஆஸ்பத்திரிக்கா என்று ஆன்ட்டி மலாயில் அதட்டினார். அண்ணன் யாழினியை முன்னால் நிறுத்தி, தம் கையைத் துதிக்கையாக ஆட்டிக் காட்டி, பிறகு அவள் கால்களைச் சுட்டினார். யாருக்கும் புரியவில்லை. யாழினியே குனிந்து, பின்னங்கால் நடையை நடந்து காட்டினாள். ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் கடை தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. அட்டையை யாழினி நான்கு மொழிகளில் எழுதினாள், பிற்காலத்தில் பக்கத்தில் கியூஆர் குறியீடும் ஒட்டினாள். அந்த மாலைகளில்தான் அண்ணன் காத்தோங் பிள்ளையாரைக் கும்பிட்டார், தேக்கா கடைகளில் அண்ணிக்குச் சேலை பார்த்தார், என் பிள்ளைகளோடு கடற்கரையில் பட்டம் விட்டார். கேமரா வைக்கச் சொல்லி நான் நச்சரித்தேன்.

“வெச்சா உக்காந்து ஒவ்வொருத்தரையா சந்தேகப்படணும். அந்த வேலை உனக்கு. எனக்கு வேணாம்மா” என்றார்.

அவர் நம்பிக்கை பொய்த்ததே இல்லையா? ஒருமுறை காசு டின்னோடு காணாமல் போனது. “நல்ல டின் லா அது” என்று மட்டும் வருத்தப்பட்டார்.

நோயில் படுத்த கடைசி வாரங்களிலும் தாதியரைச் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தார். அண்ணியின் கையைப் பிடித்தபடி, வலியின்றிக் கண்மூடினார்.

அவரைப் பரிவோடு கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த சொந்தங்களுக்கும், கடைசிவரை கடைக்குத் துணைநின்ற அண்ணியின் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் வந்து பொருளை எடுத்து, காசைப் போட்டுவிட்டுப் போனவர்களே, உங்களில் பலரின் பெயர் எங்களுக்குத் தெரியாது, முகமும் தெரியாது. யாழினி இன்று நாடக மேடைகளில் நடிக்கிறாள், இப்போதெல்லாம் அவள் முகம் நன்றாகவே தெரிகிறது. அண்ணன் உயிரோடு இருந்தவரை அவள் ஏறிய எந்த மேடைக்கு முன்னாலும் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். அவரை அங்கே அனுப்பிவைத்தவர்கள் நீங்கள்தான்.