மிசாவோ காலை நீட்டிய கதை

ஜப்பானின் கினுகாவா வெந்நீர் ஊற்றுக்கரையில் எத்தனையோ விடுதிகள் உண்டு. ஆனால் மட்சுகாஸே விடுதியின் மிசாவோ மாதிரி மண்டியிட்டு உட்கார யாராலும் முடியாது. கல்யாணத்துக்கு முன்பே பரிமாறும் வேலைக்கு வந்தவள், மகனுக்குக் கல்யாணமான பிறகும் அதே வேலைதான். நகரும் கதவைத் திறப்பாள், வாசலிலேயே காலை மடித்து உட்காருவாள், தலை தரையில் படக் கும்பிடுவாள். "வாங்க, வாங்க. காலை நீட்டி வசதியா உக்காருங்க" என்பாள். விருந்தாளி நீட்டுவார். மிசாவோ மடித்த காலிலேயே இருந்து சோறு போடுவாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. எங்காவது ஒரு விடுதியில் ஒரு ராத்திரி விருந்தாளியாகத் தங்க வேண்டும். தட்டை வேறொருத்தி தூக்கிவர வேண்டும். ஊருக்கு விடுமுறை வந்தால் விடுதி நிரம்பிவிடும், பிறகு இவளுக்கு எங்கிருந்து விடுமுறை?

அதே விடுதியில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் அவள் கணவன் ஷோசாகு இதைக் கேட்டுச் சிரித்தான். "அதுக்கென்ன அவசரம்? செத்துட்டா உன் படத்தை மாடத்துல வெச்சு தெனமும் உனக்குச் சோறு படைப்பாங்க."

"உங்க வாயில கொதிகலன் தண்ணியைத்தான் ஊத்தணும்" என்றாள் மிசாவோ.

அப்போதுதான் டிவியில் அந்த நிகழ்ச்சி வந்தது. வெறும் பலகையில் மண்டியிட்டு உட்கார்ந்தபடி கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் ஊறுகாய் ஜாடிக்கு மேல் பாரத்துக்கு வைக்கிற பாறாங்கல் ஒன்று மடியில் ஏறும். மடித்த காலை எடுத்தவர் அவுட். கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்கு இசு கடற்கரை விடுதியில் ஜோடியாக இரண்டு ராத்திரி, சாப்பாடு அறைக்கே வரும். மிசாவோவுக்கு வேறென்ன வேண்டும்? பெயர் கொடுத்தாள். விடுதி முதலாளியம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒருநாள் லீவு தந்தாள்.

டோக்கியோ ஸ்டுடியோவில் பத்துப்பேர் உட்கார்ந்தார்கள். கராத்தே வாத்தியார் முதல் கல்லிலேயே சாய்ந்தார். ஒருத்தர், கால் மரப்பு போக அந்த ஊர்ப் பாட்டிகள் சொல்லும் வைத்தியமாக, எச்சிலைத் தொட்டு நெற்றியில் தடவித் தடவிப் பார்த்தார், மரத்த கால் மரத்ததுதான். கடைசியில் மிஞ்சியது மிசாவோவும் ரியோஷுன் என்கிற இளம் பிக்குவும்.

நிகழ்ச்சியை நடத்திய ஓகிட்சு பழைய சிரிப்பு நடிகர், வாயில் தேன் ஒழுகும். "மிசாவோ அம்மா, ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

"ஒண்ணுதானுங்களே?"

"மூணு!"

"அடப்பாவமே! இத்தனை வருஷம் பரிமாறியிருக்கேன், ஒண்ணைக்கூடக் கண்ணுல பாத்ததில்லையே!" கல் மடியில் ஏறியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"பிக்கு ஐயா, குழந்தைக்கு முதல் பல்லு மேல மொளைக்குமா, கீழயா?"

"மேல" என்றார் ரியோஷுன். அவருக்கும் ஒரு கல்.

இருவர் முகத்திலும் வியர்வை வழிந்தது. மிசாவோவுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை. ஆனாலும் அவள் அசையவில்லை, இசு கடல் கண்ணெதிரே தெரிந்தது.

ஓகிட்சு தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். இருவருக்கும் முன்னால் மண்டியிட்டு, தலை தாழ்த்திக் கும்பிட்டார். "ரொம்ப நேரமாச்சு. தயவுசெஞ்சு காலை நீட்டி வசதியா உக்காருங்க."

"ஐயோ, பரவாயில்லைங்க" என்றாள் மிசாவோ.

"அப்படிச் சொல்லக்கூடாது. நீட்டுங்கம்மா."

"இதுவே சௌகரியமா இருக்குங்க."

"எங்க மனசு கேக்கலை. தயவு பண்ணி நீட்டுங்க."

உபசாரத்தை இரண்டு தடவை மறுப்பது மரியாதை. மூன்றாம் தடவையும் மறுத்தால் அது திமிர். பிறந்த நாளிலிருந்து உடம்பில் ஊறிய வழக்கம் இது.

"அப்படீன்னா, மன்னிச்சுக்குங்க" என்று தலை வணங்கி, மிசாவோ கல்லை இறக்கிவைத்துக் காலை நீட்டினாள்.

மணி அடித்தது. ஸ்டுடியோ அதிர்ந்தது. துணைக்கு வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஷோசாகு தலையில் கை வைத்துக்கொண்டான். பிக்கு மட்டும் அசையவேயில்லை. பிறகு கேட்டதற்கு, "மடத்துல யாராவது அன்பா பேசினா, அடுத்து பிரம்பு வரும்" என்றாராம்.

ஓகிட்சுவுக்கே பரிதாபமாகிவிட்டது. "என்னம்மா இது, ஜெயிக்கிற நேரத்துல?"

மிசாவோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "நான் ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தைங்க அது. எங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. மூணு தடவை சொல்றீங்க, எப்படிங்க மாட்டேன்னு சொல்றது?"

கூட்டத்தின் கைதட்டல் ஓயவேயில்லை. அவளைத் தூக்கிப்போய், காலில் உயிர் வரும்வரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

இசுவுக்கு ரியோஷுன் போய்வந்தார். மிசாவோ ஊர் திரும்பினாள். டிவி பார்த்த ஜனங்கள் மட்சுகாஸேவுக்குப் படையெடுத்தார்கள், இருந்த கொஞ்சநஞ்ச லீவும் போயிற்று. அவள் கதவைத் திறந்து கும்பிட்டதும், அவள் வாயைத் திறக்குமுன்னே விருந்தாளிகள் முந்திக்கொண்டார்கள். "மிசாவோ அம்மா, காலை நீட்டி உக்காருங்க!"

முதல் வாரம் இரண்டு தடவை மறுத்துப் பார்த்தாள். இரண்டாவது வாரம் ஒரு தடவை. அப்புறம், சொன்ன மாத்திரத்தில் நீட்டிவிட்டாள். முதலாளியம்மா பல்லைக் கடித்தாள், ஆனால் அறைகள் நிரம்பி வழியும்போது என்ன சொல்ல முடியும்? மிசாவோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, டோக்கியோவிலிருந்து காசு செலவழித்து வந்தவர்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு அவளுக்குத் தேநீர் ஊற்றினார்கள்.