பாவாடை தெரிய ஒரு படம்

எண்பதுகளின் நடுவில், ஒரு மார்ச் மாதம் நடந்தது இது. நாங்கள் நியூஜெர்சிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐரிஷ்காரர்களின் செயின்ட் பாட்ரிக் திருநாளுக்கு எங்கள் ஊர் மெயின் ரோட்டில் ஊர்வலம் உண்டு, எல்லோரும் பச்சை உடுத்தி வருவார்கள் என்று பக்கத்து அபார்ட்மென்ட்டில் சொன்னார்கள். எனக்கு உடனே மாமியார் திருச்சியிலிருந்து அனுப்பிய பச்சைப் பட்டுப் பாவாடை நினைவுக்கு வந்தது. ‘எல்லாப் படத்திலும் குழந்தை கோட்டுக்குள்ளேயே இருக்கிறாளே, பாவாடை அளவு சரியில்லையா?’ என்று இரண்டு கடிதங்களில் கேட்டிருந்தார்.

மூன்று வயது மகளுக்கு அதைக் கட்டிவிட்டு, மேலே கோட்டு மாட்டி, மாமியாருக்கு அனுப்பப் படம் எடுக்கக் கேமராவோடு அழைத்துப் போனோம். வெயில் பளிச்சென்று அடித்தது. அந்த ஊர் வெயிலில் சூடு இருக்காது என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.

“பேசாம கோட்டோடயே எடேன்” என்றார் கணவர்.

“உங்கம்மாவுக்கு நீங்களா பதில் எழுதறீங்க?” என்று கேட்டு, கோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த காரிலிருந்து பால் பிளாஸ்க்கை எடுத்துவரப் போனார்.

அவர் ரோட்டைத் தாண்டியதுமே ஊர்வலம் வந்துவிட்டது. போலீஸ்காரர்கள் யாரையும் குறுக்கே விடவில்லை. நான் பைப் ஊதிவந்த வாத்தியக்காரர்கள் பின்னால் தெரியும்படி குழந்தையை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். கண்ணை மூடிவிட்டாளோ என்று இன்னொன்று. யாரோ குறுக்கே வந்தார்கள், இன்னொன்று.

“அம்மா, கோல்ட். குளிருது.”

“ஒரே நிமிஷம்டா கண்ணா. அம்மாவப் பாத்து சிரி.”

சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். ஆறாவது படத்துக்குப் பிறகு கேமராவை இறக்கினேன். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. வாரியெடுத்தால் கால் ஐஸாகச் சில்லிட்டது. புடவைமேல் போட்டிருந்த மெல்லிய ஸ்வெட்டரைக் கழற்றிச் சுற்றினேன், நடுக்கம் நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் கணவர் கோட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஊர்வலம்.

பக்கத்தில் நின்ற வயதான ஐரிஷ் அம்மாள் தன் கம்பளிக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். “இங்க கொடு, ஹனி” என்று ஆங்கிலத்தில் சொல்லிக் குழந்தையை வாங்கி, நெஞ்சோடு அணைத்து, மேலே பொத்தான்களைப் போட்டுவிட்டார். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

திட்டப் போகிறார், போலீஸிடமே சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்து நின்றேன். அவரோ சிரித்தார். “எங்கம்மாவும் இந்த நாள்ல புது டிரஸ் தெரியணும்னு எங்க கோட்டையெல்லாம் பிடுங்கி வெச்சிடுவா. வீட்டுக்கு வந்து அஞ்சு பேரும் தும்முவோம்.” பிறகு மெதுவாக, “ஒரு வருஷம் தம்பிக்கு நிமோனியா வந்துடுச்சு. பிழைச்சுட்டான். அப்புறம் அம்மா பிடுங்கலை” என்றார்.

உதட்டில் சிவப்பு திரும்பும்வரை அவர் குழந்தையைத் தரவில்லை. நான் நன்றி சொன்னேனா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை.

பிலிம் கழுவி வந்தபோது ஆறு படங்களிலும் ஜரிகை அழகாக விழுந்திருந்தது. படத்துக்குப் படம் குழந்தையின் முகம் வாடிக்கொண்டே போயிருந்தது. அவற்றை நான் திருச்சிக்கு அனுப்பவில்லை. அவளை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே அவளைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்ற பயம் இன்றும் எனக்குள் இருக்கிறது. அது போகாமல் இருப்பதே நல்லது என்றுதான் நினைக்கிறேன்.