அண்ணியின் கழுத்து டப்பா

ஒருநாள் காலையில் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கத் தீக்குச்சி இல்லை. அண்ணன் சமையலறையில் நின்று கத்திக்கொண்டிருந்தான். அண்ணி என்னைப் பார்த்து, "தம்பி, கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வா" என்றார். வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் அவர் கழுத்தில் ஒரு டப்பா, கோட்டின் உள்பையில் லைட்டர், கதவுக்குப் பின்னால் தொங்கிய முதுகுப்பையில் தீப்பெட்டி, மெழுகுவத்தி, ஈரத்திலும் எரிகிற சைக்கிள் டியூப் துண்டுகள் என்று ஊரையே கொளுத்துகிற அளவுக்குச் சாமான் இருந்தது.

"கழுத்துல நெருப்பை மாட்டிக்கிட்டு என்னைக் கடைக்கு அனுப்புறீங்களே, இது நியாயமா?"

"அது அடுப்புக்கு இல்ல. போ."

போனேன். அண்ணியிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது.

அண்ணிக்கு மழை அளக்கிற வேலை. மலைக்கு மேலே ஆளில்லாத இடங்களில் அவருடைய துறை கருவிகளை நட்டு வைத்திருக்கிறது. மழை எவ்வளவு, பனி எவ்வளவு என்று போய்ப் பார்த்து வர வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அண்ணி ஆற்றுக்கு வரப்போகிற தண்ணீரையே அளந்துவிட்டு வருபவர். ஜீப் ஒரு இடம் வரைக்கும் போகும், அதற்கு மேல் நடைதான். இந்த வேலையில் சேர்ந்த மீசைக்காரர்கள் பலர் ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டு, நாற்காலி வேலை கேட்டுக் கெஞ்சிக்கொண்டு போனார்கள். அண்ணி போகவில்லை. அண்ணன் அதைப் பிடிவாதம் என்பான். நான் தைரியம் என்பேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் எல்லோரையும் போல ஒரு தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான். மழையில் அது கூழாகி, விறைத்துப்போன உடம்போடு வீடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து நெருப்பை மூன்றாகப் பிரித்துவிட்டார். பையில் கொஞ்சம், கோட்டில் கொஞ்சம், கழுத்தில் கொஞ்சம். "பை வேற, நான் வேற. பை போனாலும் நான் இருப்பேன்ல?" என்பார். கழுத்தில் தொங்கியது ஒரு மாத்திரை டப்பா. திருகுமூடிக்குள் வாசலின் தடவிய பஞ்சு உருண்டைகளும், உரசினால் பொறி பறக்கும் விரலளவு கம்பியும், அதை உரச ஒரு சின்னத் தகடும் இருக்கும். கல்யாண வீட்டுப் படங்களில்கூட அண்ணியின் சங்கிலிக்குப் பக்கத்தில் அந்த டப்பா பல்லிளிக்கும். "எங்க வீட்டுக்காரி எப்பவும் மருந்தும் கையுமா இருக்கா" என்று அண்ணன் சொந்தக்காரர்களிடம் சமாளிப்பான்.

அண்ணன் தையற்காரன். முணுமுணுத்துக்கொண்டேதான் அவருடைய கோட்டுக்கு உள்பை வைத்துத் தைத்துக் கொடுத்தான். ஆனால் அந்தத் தையலைப் பார்த்தால் தெரியும், ஊரில் வேறு யாருக்கும் அவன் அப்படித் தைத்ததில்லை.

இதைவிடப் பெரிய கூத்து, குழாயடிக் கூத்து. குளிர்காலம் தொடங்கும் முன் அண்ணி ஒரு வாளியில் ஐஸ் தண்ணீரை நிரப்பி, இரண்டு கையையும் அதில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விரல் மரத்துப்போனதும் வெளியே எடுத்து டப்பாவைத் திறக்கப் பார்ப்பார். முடியாவிட்டால் மறுபடியும் வாளி. பக்கத்து வீட்டுக்காரி எங்கள் அண்ணனிடம் தனியாக வந்து, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு வயரிங் வேலை. மேலே ஒரு நிலையத்தில் பேட்டரி செத்துவிட்டது, ஒருநாள் வந்து மாற்றிக் கொடு என்று துறையில் கேட்டார்கள். அண்ணியோடு ஏறினேன். பேட்டரியை மாற்றியாயிற்று, திரும்பி வரும் வழியில் ஓடையைக் கடக்க ஒரு மரம் போட்டிருந்தது. ஏறும்போது ஈரமாக மட்டும் இருந்த மரம், இப்போது மேலே மெல்லிய ஐஸ் கட்டிக் கண்ணாடியாக இருந்தது. "உட்கார்ந்து நகர்ந்து போ தம்பி" என்று அண்ணி சொல்லி முடிப்பதற்குள் நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

அந்தக் குளிரை எப்படிச் சொல்ல? மூச்சு உள்ளே போக மறுத்தது. அண்ணி பின்னாலேயே குதித்தார். மார்பளவு தண்ணீரில் என் காலரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்று, தோளில் இருந்த பையைக் கழற்றி வெள்ளத்தோடு விட்டுவிட்டார். இழுத்து, புறப்பட்ட கரையிலேயே போட்டார். அந்த மரமும் உருண்டு போய்விட்டது. ஜீப்பும் ஓட்டுநரும் அக்கரையில், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில். ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது.

கோட்டில் இருந்த லைட்டர் நனைந்து ஊமையாகிவிட்டது. அண்ணி டப்பாவை எடுத்தார். விரல்கள் வளையவில்லை. மூடியைப் பல்லால் கடித்துத் திருகினார், திறந்துகொண்டது. ஆனால் கை உதறியதில் பஞ்சு உருண்டைகள் சேற்றில் கொட்டிப் போயின. டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று மிச்சம்.

"பத்த வைங்க அண்ணி."

அவர் மூடியை மறுபடியும் மூடினார்.

"அந்தா நிக்கிற மரத்துல காஞ்ச கிளை தொங்குது பாரு. கீழ கிடக்கிறதைத் தொடாதே. தொங்குறதை மட்டும் உடை."

"முடியல. பத்த வைங்க."

"உடைடா!"

ஒருநாளும் என்னை 'டா' போட்டுப் பேசாதவர். உடைத்தேன். அவர் இடுப்பில் செருகியிருந்த கத்தியால் ஒவ்வொரு குச்சியின் ஈரப்பட்டையையும் உரித்து, உள்ளே இருந்த காய்ந்த பாகத்தைச் சீவிச் சீவி, மடிக்குள் மழை படாமல் வைத்துக்கொண்டார். ஊசி கனம் ஒரு குவியல், விரல் கனம் ஒரு குவியல். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், கொஞ்சம் சூடு போதும் என்றிருந்தது. அண்ணியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பதிலுக்கு என்னைத் திட்டினார். என் வயரிங்கை, என் நடையை, என் சோம்பேறித்தனத்தை, ஒன்றையும் விடவில்லை. பிறகு என் உடம்பு நடுங்குவது நின்றது. தூக்கம் சுகமாக வந்தது. அண்ணி ஓங்கி ஒரு அறை விட்டு, "இன்னும் அந்தக் கிளை, அதையும் கொண்டா" என்றார்.

அதைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் டப்பாவைத் திறந்தார். பஞ்சைப் பிய்த்துப் பூவாக்கினார். கம்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி, தகட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு உரசினார். பொறி வரவில்லை. மறுபடியும் உரசினார். பொறி பஞ்சுக்குப் பக்கத்தில் விழுந்து செத்தது. மூன்றாவது முறை பஞ்சு பிடித்துக்கொண்டது. சீவல் பிடித்தது, குச்சி பிடித்தது. அண்ணி முதுகை வளைத்து மழைக்குக் கூரையாக அதன்மேல் கவிந்திருந்தார். தீ என் முகத்தில் பட்டபோது நான் குழந்தை மாதிரி அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

புகையைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் கயிறோடு ஆட்களைக் கூட்டிவரச் சாயங்காலமாகிவிட்டது. அதுவரைக்கும் சட்டையைக் காயவைத்துக்கொண்டு இரண்டு பேரும் தீயருகே உட்கார்ந்திருந்தோம். அண்ணி கடித்த முன்பல்லில் ஒரு ஓரம் உடைந்திருந்தது. நாக்கால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பேச்சு வந்ததும் கேட்டேன்.

"அந்த ஒத்தப் பஞ்சும் அணைஞ்சு போயிருந்தா என்ன அண்ணி பண்ணியிருப்பீங்க?"

அவர் ஒரு கட்டையைத் தள்ளி வைத்தார்.

"பட்டையை உரிக்கும்போது அதைத்தான் யோசிச்சேன். உங்க அண்ணன் வாசல்ல வந்து நிப்பாரு, அவர்கிட்ட என்ன சொல்றதுன்னு. ஒரு வார்த்தைகூட வரல தம்பி. அதான், இன்னும் கொஞ்சம் உரிச்சேன்."